இரண்டு செங்கல் உயரம்

துலுக்கானத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்றே தெரியவில்லை. அவர் செய்த தப்பை அவர் வாய்விட்டு ஒப்புக்கொண்டார். நான் செய்ததற்கு இன்றுவரை வணக்கம்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

1985இல் காட்டுப்பாக்கத்தில் பன்னிரண்டு கட்டில் போட்ட சின்ன நர்சிங் ஹோம் ஒன்றில் நான் டாக்டர், அவர் வார்டு பாய். நாற்பது வயது ஆளை அப்படிக் கூப்பிடுவதில் எங்களில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. செம்பரம்பாக்கத்துக்காரர். அப்பா வயல் கூலி. இவர் கொத்தனாருக்குக் கையாளாக இருந்தபோது சாரத்திலிருந்து விழுந்து, கால் எலும்பு முறிந்து, எங்களிடம் நோயாளியாக வந்தார். குணமானபின் வீட்டுக்குப் போகவில்லை, வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

திரையில் பச்சைக் கோடு ஓடும் மானிட்டரெல்லாம் அப்போது எங்களுக்கு எட்டாக் கனி. இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக் குழாயில் மெல்லிய டியூப் ஒன்றைச் செருகுவோம். அதன் மறுமுனை, ஸ்டாண்டில் கட்டிய ஸ்கேலை ஒட்டி நிமிர்ந்து நிற்கும். டியூபில் நீர் எத்தனை சென்டிமீட்டர் ஏறி நிற்கிறது என்பதை வைத்து, இதயத்துக்கு வரும் ரத்தம் போதவில்லையா, மிஞ்சித் தேங்குகிறதா என்று கணிப்போம். ஒரே நிபந்தனை, ஸ்கேலின் பூஜ்யமும் நோயாளியின் இதயமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதயம் எத்தனை சென்டிமீட்டர் உயர்கிறதோ, அத்தனையும் அளவில் பொய்யாகக் கூடிவிடும்.

அந்த மட்டம் துலுக்கானத்தின் பொறுப்பு. சுவருக்கு மட்டம் பார்க்கக் கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, தண்ணீர் அடைத்த நீளமான டியூப், அதைக் கொண்டுவருவார். ஒரு முனை நோயாளியின் விலாவில் நான் பேனாவால் வைத்த புள்ளியில், மறுமுனை ஸ்கேலில். மயிரிழை பிசகாமல் கட்டிக் கொடுப்பார். நான் வெளி டாக்டர்களிடமெல்லாம் அவரைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வேன்.

அந்த நவம்பரில் மழை கொட்டித் தீர்த்தது. பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருந்த தஸ்தகீர், வாந்திபேதியில் துவண்டுபோன மனைவி ஜஹானாராவை ஒருநாள் காலையில் தூக்கிக்கொண்டு வந்தார். முப்பது வயது. அந்தப் பெண்ணுக்குச் சிறுவயதிலிருந்தே இதய வால்வில் கோளாறு. சலைன் குறைந்தால் உயிருக்கு ஆபத்து, கூடினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அதனால்தான் டியூப் போட்டேன். அளவு மூன்று காட்டியது. இன்னும் நிறைய சலைன் ஏறலாம் என்று பொருள். தாட்சாயிணி சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆவடியில் இருந்த என் சொந்தக் கிளினிக்குக் கிளம்பினேன். மதியத்துக்குள் ரோடு துண்டித்துப்போனது.

வார்டுக்குள் தண்ணீர் புகுந்தது. தொங்கிய போர்வை நனைவதைப் பார்த்த தஸ்தகீர், கட்டிலை உயர்த்தித் தரச் சொல்லிக் கெஞ்சினார். அவர் கட்டிலை ஒவ்வொரு பக்கமாகத் தூக்கிப் பிடிக்க, துலுக்கானம் காலுக்கு இரண்டு செங்கலாக வைத்தார். கலங்கல் தண்ணீரில் செங்கல் மூழ்கி, அப்புறம் வந்த சிஸ்டரின் கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஸ்கேல் மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. மட்டக் குழாயை எடுத்துவரத்தான் துலுக்கானம் கிளம்பினார். வழியில் மருந்து அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாக யாரோ கத்த, பெட்டிகளைத் தூக்கி அடுக்கப் போனவர் மட்டத்தை மறந்துவிட்டார்.

இரண்டு மணிக்கு சிஸ்டர் எனக்குப் போன் செய்தார்.

"சார், பதினேழு காட்டுது. ஆனா கை சில்லுன்னு இருக்கு, நாடி பிடிபடல. எனக்கென்னவோ இந்த அளவு மேல நம்பிக்கை இல்ல சார்."

"அளவை நம்புங்க சிஸ்டர், கையை நம்பாதீங்க" என்றேன். சலைனை நிறுத்தி, நீர் பிரிய ஊசி போடச் சொன்னேன். ஏற்கெனவே உடம்பில் நீரில்லாமல் வற்றிக் கிடந்தவளுக்கு! சிஸ்டர் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் போனை வைத்துவிட்டேன்.

நான்கு மணிக்கு ஜஹானாரா இறந்துபோனாள். லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. கட்டில் தரையில் இருந்தது, ஸ்கேல் சரியாக இருந்தது, நோட்டில் மட்டும் பதினேழு. வேறென்ன நினைப்பேன்? எல்லார் முன்னாலும், தஸ்தகீர் முன்னாலும், அளவு பார்க்கத் தெரியாத நீயெல்லாம் நர்ஸா என்று கத்தினேன். தாட்சாயிணி அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலும் வேலைக்குச் சேரவில்லை. துலுக்கானம் சுவரோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பது வருடம் கழித்து நாங்கள் இருவரும் வானகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறியிருந்தோம். மானிட்டர், பச்சைக் கோடு எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் ரத்த அழுத்தத்தை அளக்கும் சின்னக் கருவியை இதய மட்டத்தில்தான் வைக்க வேண்டும். ஒரு நர்ஸ் கட்டிலை உயர்த்தினால் போதும், எங்கிருந்தாலும் துலுக்கானம் ஓடிவந்து, "மட்டம் பாரும்மா, மட்டம் பாரு" என்று நச்சரிப்பார். எல்லோரும் கிண்டல் செய்வார்கள். நானும் ஒருநாள் சிரித்துக்கொண்டே, ஏனய்யா இப்படிப் பதறுகிறாய் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் சொன்னார்.

"பொணத்தத் தூக்கணும்னு கட்டில எறக்கி வெச்சேன் சார். செங்கல்ல கையில எடுத்தப்பதான் பொறி தட்டுச்சு. ஒங்க கிட்ட சொல்லணும்னுதான் நின்னேன். நீங்க சிஸ்டரம்மாவத் திட்ட ஆரம்பிச்சிட்டீங்க. பயந்துகினு கம்முனு இருந்துட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. செங்கல் வைத்தவர் அவர்தான். ஆனால் சில்லிட்ட கையைப் பற்றி ஒருத்தி சொல்லச் சொல்லக் காதில் வாங்காதவன் யார்?

சிஸ்டர் பூந்தமல்லியில் ஒரு பால்வாடியில் வேலை பார்ப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டோம். இருவரும் போனோம். துலுக்கானம் ஒன்று விடாமல் சொன்னார். இந்த ஒன்பது வருடமாக தஸ்தகீர் தன்னைக் கண்டால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார் என்று சிஸ்டர் சொன்னார். இன்றைக்கே அவர் கடைக்குப் போய் உங்கள் மேல் விழுந்த பழியைத் துடைத்துவிட்டு வருகிறோம் என்றேன். சிஸ்டர் துலுக்கானத்தைத்தான் கேட்டார், கட்டிலைத் தூக்கிப் பிடித்தது யார் என்று.

"தஸ்தகீர் பாய்தான் சிஸ்டரம்மா. ஒசத்தச் சொன்னதும் அவருதான்."

சிஸ்டர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அப்போ செங்கல் விஷயத்தைச் சொல்லாதீங்க. அவர் என் மேலேயே கோபமா இருக்கட்டும். தன் மேல வேணாம்."

திரும்பி வரும் வழியில் தஸ்தகீர் கடையிலிருந்து பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். துலுக்கானம் உள்ளே வர மாட்டேன் என்று ரோட்டிலேயே நின்றுகொண்டார். தஸ்தகீர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்தார்.

"அன்னிக்கு நீங்க மட்டும் பக்கத்துல இருந்திருந்தா ஜஹானா பொழச்சிருப்பா சார். அந்த நர்ஸு கையில மாட்டிக்கினா."

ஊசி போடச் சொன்னது நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். செங்கல்லைப் பற்றிய பேச்சே தேவையில்லை. சிஸ்டர் தடுத்தது அதை மட்டும்தான். என் பங்கைச் சொல்லாதே என்று யாரும் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தேன்.

வெளியே வந்ததும் துலுக்கானம் என் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்களுத மட்டுமாவது சொன்னீங்களா சார்?"

இல்லை என்றேன். அவர் எனக்கு முன்னால் நடந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்.