நாரைகளுக்காக ஒரு தீபாவளி

எங்கள் ஊரில் ஒரு தீபாவளி வெடிச் சத்தமே இல்லாமல் கழிந்தது என்று சொன்னால் சிவகாசிப் பக்கத்து ஆட்களே நம்புவதில்லை. வீட்டுக்கு வீடு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஊர் அது. எல்லாம் என் சித்தப்பாவால் வந்தது.

அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியில் வெடிகளைக் கொளுத்திச் சோதிப்பது அவர் வேலை. சோதிக்கும் இடம் எங்கள் கண்மாய்க் கரை. நல்ல மழை பெய்த அந்த வருடம், கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் வந்து கூடு கட்டின. அருகிவரும் பறவை, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வனத்துறைக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அதையெல்லாம் சித்தப்பா காதில் வாங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் நாரைகள் மொத்தமாக எழும்ப, அந்த நேரம் பார்த்துக் காக்கைகள் முட்டையைக் குடிப்பதை அவரே கண்டார். மறுநாள் போர்மேனிடம் போய், இனிமேல் கல்குவாரிப் பள்ளத்தில்தான் சோதிப்பேன் என்று சொல்லிவிட்டார். சீசன் நேரம், வேறு ஆள் கிடைக்காது. போர்மேன் முறைத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அதோடு விடாமல், தீபாவளிக்கு வெடி வேண்டாமென்று வீடு வீடாக ஏறி இறங்கினார். முதல் எதிர்ப்பு எங்கள் வீட்டில்தான்.

“வெடி செய்யுற ஊர்ல வெடி போடாம தீவாளியா? பிள்ளைக ஏங்கிப் போகும்” என்றாள் அம்மா.

“வருசம் பூராம் அந்தச் சத்தத்துலதான கெடக்கோம், மதினி. ஒரு நா சும்மா இருப்போமே” என்றார் அவர்.

மத்தாப்போடு தீபாவளி முடிந்தது. நான் அழுது தீர்த்தேன். தை மாதம் குஞ்சுகள் கூட்டு விளிம்பில் நின்று சிறகடித்தபோது ஊரே கரையில் கூடி வேடிக்கை பார்த்தது. கம்பெனி வேன்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பியது.

கோடையில் தண்ணீர் வற்றியதும் கண்மாய் மரங்கள் ஏலம் போயின. வெட்ட வேண்டாமென்று கேட்டுச் சித்தப்பா வேலைக்குப் போகாமல் ஆபீஸ் ஆபீசாக அலைந்தார். வெட்டுவதற்கென்றே வளர்த்த மரம்தானே என்று எல்லா இடத்திலும் கேட்டார்களாம். லாரிகள் வந்து கடைசிக் கிளை வரை ஏற்றிக்கொண்டு போயின.

அடுத்த மழைக்குக் கண்மாய் நிறைந்தது. நாரைகளும் வந்தன. வெறும் தண்ணீருக்கு மேலே தாழ்ந்து தாழ்ந்து வட்டமிட்டன. நாங்கள் கரை நெடுக ஓடிக் கைதட்டினோம். சித்தப்பா மட்டும் கைதட்டவில்லை.

“ஏன் சித்தப்பா, உக்காரவே மாட்டேங்குதுக?” என்று கேட்டேன்.

“எடம் தேடுதுக, தாயி” என்றார்.

தேடினால் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.