கத்தாத நாயும் பவுண்டு செல்லாயியும்

எனக்கு நாய் என்றாலே ஆகாது. டீக்கடை நடத்துகிறவளுக்கு நாய் எப்படி ஆகும்? பெஞ்சுக்கு அடியில் படுத்துச் சொறியும். வருக்கியைக் கவ்விக்கொண்டு ஓடும். விரட்டினால் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டு நம்மையே பார்க்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாய்மேல் பாசம் பொங்கி நான் இதைச் சொல்ல வரவில்லை. மனுசர்கள்மேல் குமட்டிக்கொண்டு வருவதால் சொல்கிறேன்.

என் கடைக்கு நேர் எதிரே பஞ்சாயத்துப் பவுண்டு இருந்தது. அடுத்தவர் வெள்ளாமையில் வாய் வைத்த ஆடு மாடுகளைப் பிடித்து அடைத்து, அபராதம் வாங்கிக்கொண்டு விடுகிற இடம். நாலு பக்கமும் கல்சுவர், பாதிக்குத் தகரக் கூரை, வாசலை ஒட்டிக் காவலாள் தங்க ஒரு அறை. அந்த அறையில்தான் செல்லாயி இருந்தாள்.

வாழப்பாடிப் பக்கத்துப் பெண். எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாள். புருஷன் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு வடக்கே போனவன், அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். சேதி வந்த அன்று அவள் அழுது நான் பார்க்கவில்லை. "போனது போயிட்டுதுங்கக்கா, ஒரு டீ போடுங்க" என்றாள். குடித்துவிட்டு இன்னொன்றும் கேட்டுக் குடித்தாள். மறுநாள் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய்ப் பவுண்டு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாணியும் மூத்திரமும் ஈயும் மொய்க்கிற வேலை, போட்டிக்கு யார் வரப்போகிறார்கள்?

ஆனால் அவள் சுத்தம். கையும் சுத்தம். அடைபட்ட மாடு மடி கனத்துக் கத்தினால் கறந்து, அங்கே கிடக்கிற ஏதாவது குட்டிக்கு ஊட்டுவாள். 'அந்தப் பாலை என் கடைக்குக் கொடேன்' என்று நானே கேட்டிருக்கிறேன். "பவுண்டுப் பொருளுங்கக்கா, நாம தொடப்படாது" என்று ஒரே பேச்சாக முடித்துவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

எண்பத்தேழில் ஊருக்குள் ஒரு வெறிநாய் புகுந்து இரண்டு மாடுகளைக் கடித்துவிட்டது. உடனே பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள். தெருநாய்களைப் பிடித்துப் பவுண்டில் அடைப்பது. வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெயர் கொடுத்துவிட்டுக் கொண்டுபோகலாம். யாரும் கேட்காததைச் செவ்வாய்ச் சந்தை கலைந்ததும் வெளியூர் ஆளைக் கூப்பிட்டு அடித்துக் கொன்றுவிடுவது.

அப்படிப் பிடித்து வந்ததில் ஒன்றுதான் இந்தச் செவலை. செவலை என்று பிறகுதான் தெரிந்தது. வந்தபோது கருப்பாக இருந்தது. நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகள் பெருகியதிலிருந்து சொறிநாய்க்கு வைத்தியம் என்று ஒன்று கண்டுபிடித்துவைத்திருக்கிறார்கள். இஞ்சினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை அப்படியே நாய் தலையில் கொட்டுவார்கள். அது எரிச்சல் தாங்காமல் ஓடுவதைப் பார்த்துக் கைதட்டிச் சிரிப்பார்கள். அதற்குப் பெயர் வைத்தியம்! இந்த நாய் அந்த ஆயிலை நக்கி நக்கி வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தது. உடம்பில் முடி இல்லை. இடது காதின் அடியில் புண், புண்ணுக்குள் புழு. அந்த நாற்றம் ரோட்டைத் தாண்டி என் பாய்லர் வரைக்கும் வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செல்லாயி அதைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். பாச்சா உருண்டையைப் பொடித்துப் புண்ணுக்குள் வைத்தாள். வேப்பெண்ணெயில் கந்தகப் பொடியைக் குழைத்து உடம்பெல்லாம் பூசினாள். அவள் கை பட்டபோதெல்லாம் நாய் விறைத்துக்கொண்டு நின்றது. விட்டதும் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. சைக்கிள் பெல் அடித்தால் இருந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடும். சோறு வைத்தால், வைத்தவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினால்தான் தின்னும்.

"ஒரே ஒருக்கா திரும்பி என்னையப் பாத்துதுன்னா போதுமுங்கக்கா" என்பாள் செல்லாயி.

"அந்த மூஞ்சி உன்னையப் பாத்து என்னடி ஆகப்போகுது?" என்பேன்.

பவுண்டில் வேலை செய்கிறவர்கள் அங்கே அடைத்த பிராணியைச் சொந்தமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால் என் கடைக்கு டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் கேட்டாள். "ஏனுங்க, ஒரு நாய் இருக்குதுங்க, ஊட்டுக்குக் கொண்டுபோறீங்களா? புண்ணு ஆறிட்டே வருதுங்க." அவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், காறித் துப்புவார்கள், அதே வாயால் டீயை உறிஞ்சிக்கொண்டே இளிப்பார்கள். ஒருத்தன், "சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டறயே, பூவும் வெச்சுவுடு, மாப்பிள்ளை பாத்துப்போடலாம்" என்றான். அவன் வேட்டியை வெளுத்து ஒரு மாதம் இருக்கும். அந்த ஆளுக்கு நாய் நாறுகிறதாம்.

சந்தையன்று காலையில் மருதாசலம் வந்தார். புதிதாகக் கோழிப்பண்ணை போட்டவர். அந்தப் பண்ணைக் காற்று அடித்தால் ஊரே மூக்கைப் பொத்தும். அவர் மட்டும் அத்தரைப் பூசிக்கொண்டு புல்லட்டில் பவனி வருவார். காவலுக்கு நாய் வேண்டும், காசு கொடுத்து வாங்க மனசு வராது, அதனால் பவுண்டுக்கு வந்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டி எடுக்கிறவர்கள் ஒற்றைக் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். கத்தினால் கோழை, கத்தாவிட்டால் வீரன். எந்தப் புத்திசாலி கண்டுபிடித்த கணக்கோ தெரியாது. மருதாசலம் வளர்ந்த நாய்களையே முன்கால் இரண்டும் தரையைவிட்டு எழும்பும்படி தூக்கினார். எல்லாம் வீல் வீலென்று கத்தின. கடைசியாக மூலைக்குப் போய்ச் செவலையைத் தூக்கினார், புண் இருந்த காதைப் பிடித்து. அது கத்தவில்லை. பயத்தில் தொண்டை அடைத்து, கண் மேலே செருகி, மரக்கட்டை மாதிரி தொங்கியது. திறந்து கிடந்த வாசல் வழியே, எதிர்க்கடையிலிருந்த எனக்கே அது தெரிந்தது.

"அட, மூச்சு வுடுதா பாரு! இது நாய்! சொறி கெடக்குது, ஆறிப்போகும்" என்றார். பிறகு, "ஏ செல்லாயி, எப்புடி, கடிக்குமா?" என்று கேட்டார்.

செல்லாயி பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றைக்குச் சொன்னாள். "பொல்லாத நாயிங்க. நானே கிட்டத்துல போறதில்லீங்க."

நாயைச் சாக்கில் போட்டுப் புல்லட்டில் கொண்டுபோனார். அவள் ரோட்டில் இறங்கி நின்று, வண்டி மறைகிற வரைக்கும் பார்த்தாள். திரும்பி வந்து, "தப்பிச்சுதுங்கக்கா" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

அப்புறம் மருதாசலத்தின் வாயைக் கேட்க வேண்டுமே! நாய்க்கு டைகர் என்று பெயர் வைத்தார். ஆணி வைத்த தோல்பட்டை வாங்கி மாட்டினார். என் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "எம்பட டைகர் கொரைக்காது. நேரா கொரவளைதான்" என்று அளப்பார். பண்ணைக்கு வருகிறவர்கள் முன்னால் அந்தக் காதைப் பிடித்துத் தூக்கித் தூக்கிக் காட்டுவாராம். நாய் தீவன டிரம்முக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டால், ஆளைத் தாக்கப் பதுங்கியிருக்கிறது என்பாராம். ஊரும் நம்பியது. பண்ணைப் பக்கம் போகிறவர்கள் வரப்பு மாறிச் சுற்றிப் போனார்கள். நானும் செல்லாயியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொள்வோம்.

ஆடி பிறந்ததும் பண்ணையில் ஒரு வரிசைக் கூண்டு காலியாகிக் கிடந்தது. கோழிகளைக் கொண்டுபோனது யாரென்று பாதி ஊருக்குத் தெரியும். மருதாசலத்தின் மச்சினன் ராசப்பன். மெயின் ரோட்டுப் புரோட்டாக் கடையில் அன்றைக்கு யார் கோழி கொதித்தது என்பதும் தெரியும். ஆனால் ராசப்பனிடம் வட்டிக்கு வாங்காதவர்கள் ஊரில் இல்லையே, வாய் எப்படித் திறக்கும்?

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கூட்டம் கூட்டினார்கள். நானும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போனேன். பிரசிடெண்ட் சரவணமுத்து நாற்காலியில் இருந்தார். மருதாசலம் நாயைச் சங்கிலியோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"எம்பட நாயி கொரைக்கலீன்னா என்ன அர்த்தம்? அன்னியன் வந்திருந்தா கொதறியிருக்கும். வந்தது அதுக்குப் பழகின ஆளு. இந்த ஊருல அதுக்கு யாரைத் தெரியும்? சோறு வெச்சவளைத்தான தெரியும்?"

அத்தனை தலையும் செல்லாயி பக்கம் திரும்பின. ஒரு சொட்டுப் பாலைத் தொடாதவளைத் திருடி என்கிறார்கள், அந்தப் பாலைக் கேட்டவள் நான் நிற்கிறேன், கோழியைத் தின்றவர்களும் நிற்கிறார்கள். ராசப்பன் முன்வரிசையில் நின்று உச்சுக்கொட்டினான்.

'அது பயந்தாங்கொள்ளிங்க, யாரைப் பார்த்தும் குரைக்காதுங்க' என்று அவள் சொல்லியிருந்தால் முடிந்தது. வாயைத் திறந்தாள். "அது வந்துங்க..." என்று தொடங்கி, சங்கிலியைப் பிடித்திருந்த மருதாசலத்தின் கையைப் பார்த்தாள். அதைச் சொன்னால் நாய் அன்றைக்கே செத்தது, அது அவளுக்குத் தெரியும்.

"எங்கிட்ட அது வந்ததே இல்லீங்க. வெச்ச சோத்தக்கூட நான் போனப்புறந்தான் திங்குமுங்க" என்று மட்டும் சொன்னாள். அது நிஜம். சத்தியமான நிஜம்.

"அப்ப அவுத்து வுடுங்க. அவகிட்டப் போகுதா இல்லியான்னு பாத்துப்போடலாம்" என்றார் பிரசிடெண்ட்.

சங்கிலியை அவிழ்த்ததும் வீரர்கள் பாதிப் பேர் ஆபீஸ் படிமேல் ஏறிக்கொண்டார்கள். நாய் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. திரும்பிக்கொள்ள ஒரு சுவரைத் தேடியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் கால்கள். பயத்தில் மண் நனைந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள், ஒருத்தரும் பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. பிறகு அது நகர்ந்தது. இழுத்து இழுத்து ஊர்ந்து, வேறு யார் காலடிக்கும் போகாமல், நேராகச் செல்லாயியை நோக்கி வந்தது.

"எட்டி ஒதைடி" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு உதை விட்டிருந்தால் பிழைத்துப் போயிருப்பாள். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாய் அவள் சேலைக்குள் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டது.

"வந்துட்டயா, சாமி" என்றாள்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று மருதாசலம் குதித்தார். கூட்டம் ஆமாம் போட்டது. திருடியும் அவள் நாயும் ஊரைவிட்டுத் தொலையட்டும் என்றார் மருதாசலம். பிரசிடெண்ட் பவுண்டுச் சாவியைக் கேட்டார். இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். குனிந்து நாயின் காதைப் புரட்டிப் பார்த்தாள். ஆறிக்கொண்டு வந்த புண் பிளந்து மறுபடியும் புழு வைத்திருந்தது. அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "ஏனுங்க, ஒரு நாளாச்சும் இதுக்கு மருந்து வெச்சீங்களா?" என்று மருதாசலத்தின் முகத்துக்கு நேராக, ஊரே அதிரக் கத்தினாள். அந்தச் சத்தத்தில் நாய் நடுங்கியது. ஆனாலும் அவள் மடியைவிட்டு நகரவில்லை.