புகைக்குள் இரண்டு அம்புரோஸ்

ராயபுரத்து அம்புரோசை முதல்முறை பார்ப்பவர்கள் அந்தக் குரல் அவருடையது என்று நம்ப மாட்டார்கள். ஒல்லி உடம்பு, ஒட்டிய கன்னம், எப்போதும் சட்டைக்குள் தொங்கும் ஜெபமாலை. வாயைத் திறந்தால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு கனத்த குரல். பெரிய வெள்ளிக்கிழமை திருப்பாடுகள் வாசிக்கும்போது கோயிலில், இயேசுவை விசாரித்த ஆளுநர் பிலாத்துவின் பகுதி அவருக்குத்தான். "இவனிடம் நான் குற்றம் ஒன்றும் காணவில்லை" என்று அவர் சொன்னால் அழுகிற குழந்தையும் வாய் மூடும்.

அந்தக் குரலை வைத்துத்தான் பிழைப்பும். கடல் அரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டும் கருங்கற்களைப் பார்ஜ் என்கிற எஞ்சினில்லாத தட்டைப் படகில் ஏற்றி இழுத்துவரும் ஒரு தனியார் கம்பெனி காசிமேட்டுக்கு வடக்கே இருந்தது. அதன் படகுத்துறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வயர்லெஸ் அறையில் அம்புரோசுக்கு வேலை. இழுவைப் படகு எங்கே வருகிறது, எந்தப் பக்கம் கட்ட வேண்டும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் மனைவி சிலுவையம்மாளின் தம்பி ஜெரி, கோடம்பாக்கத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளன். வெளிநாட்டுப் படங்களைத் தமிழில் மாற்றி சிடியாக விற்ற காலம் அது. ஒருநாள் ஜெரி வந்து, "மாமா, ஒரு சப்மரைன் படம் வந்துகீது. உன் கொரலுக்குன்னே ஒரு ஆள் அதுல கீறான். வா" என்று கூட்டிக்கொண்டு போனான்.

படத்தில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் பழுதாகிக் கடலடியில் கிடக்கிறது. மேலே ஏதோ ஒரு கப்பல் சுற்றிச்சுற்றி வருகிற சத்தம் கேட்கிறது. சிக்னல் கொடுப்போம் என்கிறார் கேப்டன். எதிரிக் கப்பல், மூச்சுகூட விடக்கூடாது என்கிறான் துணைக் கேப்டன். தகராறு முற்றுகிறது. கேப்டனை அறைக்குள் பூட்டிவிட்டு அவனே அதிகாரத்தை எடுத்துக்கொள்கிறான். எஞ்சினை நிறுத்தி எல்லோரையும் வாய்மூட வைக்கிறான். காற்று தீர்ந்து ஒவ்வொருவராகச் சாய்கிறார்கள். மேலே சுற்றியது அவர்களைத் தேடிவந்த சொந்த நாட்டுக் கப்பல் என்பது கடைசியில்தான் தெரிகிறது. அம்புரோஸ் குரல் கொடுத்தது அந்தத் துணைக் கேப்டனுக்கு.

வசனம் சீக்கிரம் முடிந்துவிட்டது. கடைசி நாள் வசனமே இல்லை, மூச்சு மட்டும். இருட்டறையில், காற்றில்லாமல் சாகிறவனின் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே அவன் வாய்க்குப் பொருத்தமாக இவர் இழுத்து இழுத்து மூச்சு விட வேண்டும். "இன்னும் கொஞ்சம் தேடணும் மாமா, காத்தத் தேடணும்" என்று ஜெரி காதில் மாட்டிய கருவி வழியாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். வெளியே வந்தபோது அம்புரோசுக்குத் தலை சுற்றியது.

அந்த வாரமே சிலுவையம்மாள் கேட்டாள். "இன்னாய்யா, தூங்கச் சொல்ல அப்டி மூச்சு வுட்றே? பக்கத்துல படுக்கவே பயமா கீது."

சிடி வந்ததும் வீட்டில் போட்டார்கள். கணவனின் குரல் யாரோ ஒரு வெள்ளைக்காரன் வாயிலிருந்து வருவதைப் பார்த்துச் சிலுவையம்மாள் பாதியிலேயே எழுந்து அடுப்பங்கரைக்குப் போய் நின்றுகொண்டாள். "நீ இங்க குந்தினு கீறே. உன் கொரலு அங்க எவன் கூடவோ பேசுது. எனுக்குப் புடிக்கல."

அம்புரோசுக்குப் பெருமைதான். படகுத்துறையில் எல்லோரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்கள். "இன்னா துணைக் கேப்டன்!" என்று கூப்பிட்டார்கள். அவரும் கொஞ்சம் கொஞ்சமாக வயர்லெஸ்ஸில் படத்துப் பேச்சிலேயே பேச ஆரம்பித்தார். முன்பு "ராசையாண்ணா, எங்க கீறே?" என்றவர், இப்போது "ராசையா, உங்கள் நிலையைச் சொல்லுங்கள்" என்றார்.

இழுவைப் படகின் சாரங்கு, அதாவது படகை நடத்துகிற தலைவர், ராசையா. நாற்பது வருடம் கடலில் இருந்தவர். அவருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஒருநாள் பனிமூட்டத்தில் படகை நிறுத்தச் சொல்லி அம்புரோஸ் சொல்ல, ராசையா கேட்காமல் ஓட்டிக்கொண்டு வந்து கட்டினார். கரையில் இருவருக்கும் வாய்ச்சண்டை.

"போட்டுல நான் சொல்றதுதான் சட்டம். ரூம்புல குந்திகினு நீ எனுக்கு ஆர்டர் போடாத!"

"கண்ணு தெரியாத பனில நீ யாரக் கேட்டுகினு வருவே?"

வழக்கு மேனேஜரிடம் போனது. அவர் கடற்படையில் இருந்து ஓய்வுபெற்றவர். கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்: கண் தெரியாத நேரத்தில் வயர்லெஸ் அறையின் உத்தரவே கடைசி உத்தரவு. அம்புரோஸ் அன்று மீசையைத் தடவிக்கொண்டு போனதை ராசையா பார்த்தார்.

பிறகு போகி வந்தது. விடியும் முன்பே ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை முழுக்க டயரும் பாயும் பழைய துணியும் எரிந்தன. பனியும் சேர்ந்துகொள்ள, காலையில் அம்புரோஸ் வேலைக்கு வந்தபோது படகுத்துறை முனைகூடத் தெரியவில்லை. கறுப்பும் வெள்ளையும் கலந்த புகை தண்ணீர்மேல் உட்கார்ந்திருந்தது. சூரியன் வந்ததா இல்லையா என்றே தெரியாத வெளிச்சம்.

ராசையாவின் படகு கல் பார்ஜை இழுத்துக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அம்புரோஸ் மைக்கை எடுத்தார். அவர் பட்டனை அழுத்துவதற்கு முன்பே ஒலிபெருக்கியிலிருந்து அவர் குரல் வந்தது.

"எஞ்சின்களை நிறுத்துங்கள்."

அம்புரோஸ் தன் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார்.

"யாரும் பேச வேண்டாம். மேலே இருப்பவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

புகைக்குள் எஞ்சின் சத்தம் நின்றது.

அம்புரோஸ் பட்டனை அழுத்தி, "ராசையாண்ணா, அது நான் இல்ல! எஞ்சினைப் போடு!" என்றார். ஆனால் ஒரு சேனலில் யாரோ பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் மற்றவர் பேச்சு போய்ச் சேராது. கையை எடுத்ததும் ஒலிபெருக்கியில் மூச்சு கேட்டது. இழுத்து இழுத்து, காற்றைத் தேடுகிற மூச்சு. அவருடைய மூச்சு.

இழுவைப் படகு நின்றாலும், பின்னால் கட்டிய பார்ஜ் நிற்காது. அத்தனை கல்லோடும் அது வந்த வேகத்தில் வந்து படகின்மேல் ஏறும். அம்புரோஸ் மைக்கைப் போட்டுவிட்டுப் படகுத்துறை முனைக்கு ஓடினார். புகைக்குள் நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

"ராசையாண்ணா! நான் அம்புரோஸ்! கரையிலர்ந்து கத்துறேன்! எஞ்சினைப் போடு! பார்ஜு வருது!"

தண்ணீர் எதன்மேலோ மோதுகிற சத்தம் மட்டும். அவருக்குப் பின்னால் அறைக்குள் அவர் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. "அமைதி. இது என் உத்தரவு."

அப்போது புகைக்குள் எஞ்சின் உறுமியது. அடுத்து இரும்பும் இரும்பும் உரசுகிற நீண்ட சத்தம். பிறகு ராசையா யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டுவது கேட்டது. அம்புரோஸ் அங்கேயே முட்டிபோட்டுவிட்டார்.

படகின் பின்பக்கக் கம்பிவேலி நசுங்கியிருந்தது. யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. கயிறு அறுந்து அடித்ததில் ராசையாவின் இடது தோள் இறங்கிவிட்டது.

விஷயம் அன்றைக்கே தெரிந்தது. பக்கத்தில் கட்டியிருந்த ஒரு சப்ளை போட்டில் ஆட்கள் காலையிலேயே சிறிய டிவியில் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போயிருந்தார்கள். வயர்லெஸ் மைக்கின்மேல் யாரோ சாப்பாட்டு கேரியரை வைத்ததில் பட்டன் அழுந்தி, படத்தின் சத்தம் முழுக்கச் சேனலில் ஏறிவிட்டது.

விசாரணையில் மேனேஜர் பிடித்துக்கொண்டது வேறு விஷயத்தை. எஞ்சினை நிறுத்தச் சொன்னது சாரங்கு. திரும்பப் போட்டது யார்?

கீழே எஞ்சின் அறையில் இருந்த டிரைவர் கலீலுல்லா எழுந்து நின்றார். "நான்தான் சார்."

"சாரங்கு உத்தரவு கொடுத்தாரா?"

கலீலுல்லா தரையைப் பார்த்தார். "உத்தரவில்லாம எஞ்சினைத் தொட்டா வேலையை விட்டு அனுப்ப வேண்டியிருக்கும், தெரியுமில்ல?" என்றார் மேனேஜர்.

தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்த ராசையா வாயைத் திறந்தார். "நான் குடுத்தேன் சார். மணி அடிச்சேன். பாய் போட்டாரு."

மேலிருந்து எஞ்சின் அறைக்கு உத்தரவு போவது மணியில்தான். அடித்திருந்தால் அந்த அமைதியில் கரைவரைக்கும் கேட்டிருக்கும். கேட்கவில்லை என்பது அம்புரோசுக்குத் தெரியும். அவர் தன் முறை வந்தபோது, "ஆமா சார், மணி சத்தம் கேட்டுச்சி" என்றார். பிறகு, மேனேஜர் கேட்காமலே, "எனுக்கு வயர்லெஸ் ரூம்பு வேணாம் சார். கயிறு இழுக்கப் போறேன்" என்றார்.

அப்படித்தான் அம்புரோஸ் ராசையாவின் படகிலேயே கயிற்று ஆளாகச் சேர்ந்தார். சம்பளம் குறைவு. கை முழுக்கக் கொப்புளம். ராசையா முதல் வாரம் அவரோடு பேசவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது தன் மீன் துண்டில் பாதியை அவர் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அன்னிக்கு நீ கரையிலர்ந்து கத்துனது எனுக்குக் கேட்டுச்சி. பொட்டிலயும் நீதான் பேசறே, பொகையிலயும் நீதான் கத்துறே. ரெண்டுல எது நீன்னு புரியல. 'ஆர்டர் போட்டான்ல, ஆவறது அவன் தலைல ஆவட்டும்'னு ஒரு கோவமும் இருந்துச்சி. அப்டியே நின்னுட்டேன்."

"பாயாவது கேட்டாரே, அதுவே போதும்ணா."

எதிரே உட்கார்ந்திருந்த கலீலுல்லா தலையாட்டினார். "நீ கரையிலர்ந்து கத்துனது எனுக்குக் கேக்கல. கீழ கதவு சாத்திகீது. ஒண்ணியும் வராது."

"அப்புறம் எப்டி போட்டே?" என்றார் அம்புரோஸ்.

கலீலுல்லா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "நீ கத்தல. என் காதாண்ட மெதுவா சொன்னே. 'பாய், போடு'ன்னு. திரும்பிப் பாத்தேன், ஆளு இல்ல. ஆனா மூச்சு கேட்டுச்சி. ஓடியாந்தவன் மாதிரி."

அம்புரோஸ் அன்று ராசையாவின் பெயரைச் சொல்லித்தான் கத்தினார். பாய் என்று அவர் வாயில் வரவே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தார். ராசையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோறு ஆறிப்போனது. அன்று பிற்பகல் எர்ணாவூர்ப் பக்கம் கல் கொட்ட வேண்டியிருந்தது. கலீலுல்லா கீழே இறங்கும்போது எஞ்சின் அறைக் கதவைச் சாத்தாமல் விட்டார். அம்புரோஸ் கயிற்றை அவிழ்த்தார். படகு நகர்ந்தது.