கடலில் போட வேண்டிய சாமி

சிசிலித் தீவுக்குச் சுற்றுலா போன எங்கள் மலாக்காக் கூட்டத்தில் ஓர் எஸ்டேட் கோயில் தலைவர் இருந்தார். கழுத்தில் தடித்த செயின், நெற்றியில் அகல விபூதி. இடிந்த கிரேக்கக் கோயில் எதைக் கண்டாலும் தூணைத் தட்டிப் பார்த்து, “டைல்ஸ் போட்டா ஜோரா இருக்கும் லா” என்பார்.

அருங்காட்சியகத்தில் தலையில்லாத சாமி சிலை முன் முகம் சுளித்தார். “பின்னமான சாமிய உள்ள வெக்கலாமா தம்பி? கடல் பக்கத்துலதானே இருக்கு, போட்டுடலாம் லா.”

“கடல்லேருந்துதான் எடுத்தாங்களாம் அண்ணே” என்றேன்.

“பாத்தியா! அந்தக் காலத்து ஆளுங்க ஒழுங்காத்தான் போட்டிருக்காங்க. இவனுங்களுக்கு என்னா தெரியும்?”

திரும்பும் விமானத்தில் அவரே பெருமையாகச் சொன்னார்: புது டைல்ஸுக்குப் பொருந்தவில்லை என்று, தலையோடு இருந்த பழைய சாமிகளையே மலாக்காக் கடலில் போட்டாராம். என்றாவது அவை யார் வலையிலாவது சிக்கும். அவர் பேரப்பிள்ளைகள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்.