இரவல் சின்ன வயசு

இத்தாலி பாஷையில "அப்ப இப்பிடி இருந்தம், அப்பிடிச் செய்து வந்தம்" எண்டு பழங்கதை பேசுற வினைச்சொற்களைப் படிப்பிக்கிறது நெஞ்சு பலவீனமான ஆக்களுக்குச் சரிவராத தொழில். ரியூஷன் குடுத்து நொந்தவைக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இத்தாலியில, பலெர்மோவில எட்டு வருசம் சமையலறைகளில வேலை செய்து பிடிச்ச பாஷை. இப்ப கடல் கடந்து இந்த இங்கிலீஷ் நாட்டுக்கு வந்து, சனிக்கிழமைகளில மல்வேர்னில வகுப்பு. வாறது முதியோர் இல்லங்களில வேலை செய்யிற எங்கட தமிழ்ப் பெண்டுகள். மறதி முத்தினால் அங்க இருக்கிற இத்தாலிக்காரருக்கு இங்கிலீஷ் போயிடும், தாய்மொழிதான் மிஞ்சும்.

பதினொரு பேருக்கு ஒரு தகப்பன்

"நான் சின்னனில" எண்டு ஒரு கட்டுரை எழுதச் சொல்லி, மாதிரிக்கு ஒண்டு குடுத்தன். கடற்கரை வீடு, மீன் பிடிக்கிற அப்பா, வாசலில எனக்காகக் காத்து நிக்கிற அக்கா. எல்லாம் புளுகு. என்ர அப்பா தபால்கந்தோரில இருந்தவர்.

அடுத்த கிழமை திருத்துவம் எண்டு கொப்பியளைத் திறந்தன். பதினொரு கொப்பியிலயும் அதே கடல், அதே மீன், அதே அக்கா. ஊரில சோதினைக்குக் கட்டுரை பாடமாக்கின பழக்கம் விடேல்லை. "இதென்ன பிள்ளையள்?" எண்டு கேட்டன். வோபர்னில இருந்து வாற வசந்தி ஆறுதலாச் சொன்னா:

"உங்கட கட்டுரை பிழையில்லாமல் இருக்கேக்க, நாங்கள் ஏன் அண்ணை புதுசா எழுதிப் பிழை விடுவான்?"

கட்டிலடியில

வசந்தி பராமரிக்கிற ஒரு இத்தாலிக் கிழவி ரெண்டு கிழமையாச் சாப்பாட்டைத் தொடேல்லை. டொக்டரும் கையை விரிச்சிட்டார். வசந்தி பேசிப் பழகுவம் எண்டு கட்டிலடியில நிண்டு என்ர கட்டுரையை ஒப்பிச்சிருக்கிறா. கிழவி எழும்பி இருந்து சூப் முழுக்கக் குடிச்சிட்டாவாம். அதைக் கேட்க எனக்கு வெக்கமாப் போச்சுது, ஏமாத்தினது நானெல்லோ. கிழவி வசந்தியின்ர கையைப் பிடிச்சுச் சொன்னது இதுதான்:

"அந்த வாசலில உன்னைப் பாத்துக்கொண்டு நிண்டது நான்தானடி."

இன்னொண்டு வேணுமாம்

அடுத்த சனி வசந்தி நேரத்தோடயே வந்து நிண்டா. கதை ரெண்டு நிமிசத்தில முடிஞ்சு போகுதாம். கிழவி மிச்சத்தைக் கேட்டுக் கரண்டியைத் தட்டிவிடுறாவாம், மூண்டு நாளாத் திரும்பப் பட்டினியாம். இன்னொரு சின்ன வயசு எழுதித் தரட்டாம்.

எனக்குச் சினம் வந்திட்டுது. "உமக்கெண்டு ஒரு சின்ன வயசு இல்லையே? அதைச் சொல்லும், நான் இத்தாலியில ஆக்கித் தாறன்" எண்டன். வன்னியில, சண்டைக்குள்ள வளர்ந்த பிள்ளை எண்டதை நான் யோசிக்கேல்லை. வசந்தி கோவிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"என்ரயைச் சொன்னா அவ பிறகு சாப்பிடவே மாட்டா, அண்ணை."

இப்ப கிழமைக்கு ரெண்டு சின்ன வயசு எழுதிக் குடுக்கிறன், ஒண்டிலயும் ஒருத்தரும் சாகிறேல்லை.