எந்தப் பழத்தின் சிவப்பு

அந்தக் கோடையில் லால்பேகிமுக்கு உட்கார்ந்த இடத்திலெல்லாம் கண் சொக்கியது. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பாள். கூரைத் திறப்பின் வழியாக இறங்கிய வெளிச்சம் தூணைத் தொட்டு, கம்பளத்தில் வழிந்து, அவள் மடியில் ஏறும். பார்த்துக்கொண்டே இருப்பாள். அது தூக்கமில்லை, விழிப்புமில்லை. ஊரோரம் ஓடும் குந்த் ஆற்றின் அடியில் உட்கார்ந்து மேலே ஓடும் தண்ணீரை அண்ணாந்து பார்ப்பதுபோல ஒரு நிலை. மாவு காய்ந்து விரலில் இறுகிய பிறகுதான் தன்னினைவு வரும். சொல்லப்போனால் அது இனிமையாகவே இருந்தது. அதனால்தான் அதை நோய் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஐம்பத்திரண்டு வயது. புருஷன் நஜ்ரிஷோ மாஸ்கோவில் கட்டட வேலை. மகள் நிகினா தலைநகர் துஷான்பேயில் குடும்பமாக இருந்தாள். பக்கத்து வீட்டில் நாத்தனார் சவ்சன். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிட நீளம்.

தோட்டத்துக் கோடியில் இருந்த மரக் கழிப்பறைக்கு அண்ணி காலையில் மூன்று நான்கு தடவை நடப்பதை முதலில் கவனித்தவள் சவ்சன்தான்.

"என்ன அண்ணி, அங்க யாராச்சும் காத்துக்கிட்டிருக்காங்களா? எங்கண்ணன் ஊருல இல்லங்கிற தைரியமா?"

"ஆமாடி. உங்கண்ணனைவிட அழகன். என்ன, ஈ மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

இருவரும் சிரித்தார்கள். போய்விட்டு வந்த பிறகும் உள்ளே இன்னும் ஏதோ மிச்சமிருப்பது போலவே இருக்கும்; திரும்பப் போய் உட்கார்ந்தால் ஒன்றுமிருக்காது. இதை அவள் சொல்லவில்லை. சிவப்பாகப் போனதையும் சொல்லவில்லை. அது ஷாதூத் காலம். அந்தக் கறுப்பு மல்பெரி பழுத்துவிட்டால் ஊரில் எல்லோருடைய விரலும் உதடும் சிவந்துவிடும். பிள்ளைகளின் சட்டை, கோழிகளின் அலகு எல்லாமே சிவப்பு. அவளும் கிண்ணம் கிண்ணமாகத் தின்றாள். வாய்க்குள் சிவப்பாகப் போனது வெளியே வேறெப்படி வரும்? அதோடு அந்த நினைப்பை விட்டுவிட்டாள்.

பாவாடை இடுப்பில் நிற்காமல் இறங்கியது. ஊக்கு குத்திக்கொண்டாள். "புதுப்பொண்ணு மாதிரி ஆயிட்டியே, என்ன மருந்து?" என்று வாய்க்காலில் பெண்கள் கேட்டபோது வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடேறும்போது பாதியில் மூச்சு நின்றுவிடும். கல்லில் உட்காருவாள். நெட்டிலிங்க மரங்கள் போல உயர்ந்து நிற்கும் பாப்லர்களின் இலைகள் காற்றில் வெள்ளியாகத் திரும்பும். அவற்றின் பஞ்சு மிதந்து வந்து தோளில் உட்காரும். தானும் அந்தப் பஞ்சு போலத்தான், கொஞ்சம் காற்றடித்தால் ஆற்றைத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்துக்கொள்வாள்.

நஜ்ரிஷோ தொலைபேசியில் கேட்டான்: "என்ன, குரல் கிணத்துக்குள்ளேருந்து வருது?"

"தூக்கம்தான்."

"பகல் பதினோரு மணிக்கா?"

"கோடை இல்லியா," என்றாள். அவனும் விட்டுவிட்டான்.

வெயில் சாயத் தொடங்கிய மாதத்தில், கூரைகளில் ஆப்ரிகாட் பழங்களைப் பிளந்து காயப்போட்டிருந்த நாள் ஒன்றில், ஊரில் கல்யாணம் வந்தது. தஃப் என்ற வட்டப் பறையை எடுத்தால் லால்பேகிமின் கைக்கு ஊரில் ஈடு கிடையாது. அன்றும் அவள்தான் முதல் அடி. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அவளோடு சேர்ந்துகொண்டார்கள். மணப்பெண்ணின் மாமா கைகளை விரித்து ஆட வந்தார். கொஞ்ச நேரத்தில் அடி மெதுவாகியது. லால்பேகிமுக்கு அது தெரியவில்லை. பறை எங்கோ பனிக்கு அப்பால் யாரோ வாசிப்பதுபோல் கேட்டது. மற்ற பெண்கள் அவளைப் பார்த்து மெதுவாக அடித்தார்கள். மாமாவும் நீருக்குள் நடக்கிறவர் மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். இது ஏதோ புது மோஸ்தர் என்று இளசுகள் கைதட்டினார்கள். கடைசியில் அவள் கை நின்றது. பறையை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்து சுவருக்குப் பின்னால் போனாள்.

சவ்சன் தண்ணீர்க் கிண்ணத்தோடு பின்னாலேயே வந்தாள். அண்ணியின் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். நகமெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"அண்ணி, மறைக்காம சொல்லு. போறப்ப ரத்தம் போகுதா?"

"ச்சீ, கல்யாண வீட்டுல என்ன பேச்சு இது?"

"எனக்கும் போகும், தெரியுமா? மூலம். பளிச்சுனு மேலாப்புல வரும், எரியும், உக்காந்தா கத்தி குத்துற மாதிரி இருக்கும். உனக்கு எப்படி?"

லால்பேகிம் சுற்றுமுற்றும் பார்த்தாள். "வலியே இல்லடி. கலந்து வருது. கருஞ்சிவப்பா. சில நாளு சளி மாதிரியும் கூட. அது ஷாதூத்து தின்னது..."

"ஷாதூத்து எப்பவோ முடிஞ்சுபோச்சு அண்ணி. மரத்துல ஒண்ணுகூட இல்ல. கூரையில மஞ்சளா பழம் காயுது. அப்போ இது எந்தப் பழத்தோட சிவப்பு?"

சுவருக்கு அந்தப் பக்கம் பறைகள் மறுபடி வேகமெடுத்தன. லால்பேகிம் கிண்ணத்துத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "காலையில என்கூட வர்றியா?" என்று மட்டும் கேட்டாள்.

பக்கத்து நகரமான கோரோக்கின் மருத்துவமனையில் டாக்டர் குர்ஷேதா இளம்பெண். முகத்தைத் தூக்காமல் கேட்டுக்கொண்டே போனாள். பழக்கம் மாறி எவ்வளவு நாளாச்சு? இளகிப் போகுதா? எடை குறைஞ்சுதா? வீட்டுல யாருக்காவது குடல்ல நோய் இருந்துச்சா? லால்பேகிமுக்கு அப்போதுதான் உடம்பு கரைந்து செத்துப்போன தன் அப்பாவின் ஞாபகம் வந்தது. ஏதோ வயிற்றுக்கோளாறு என்றுதான் அப்போது எல்லோரும் சொன்னார்கள். கையுறை மாட்டி விரலால் பார்த்தாள் டாக்டர். ரத்தப் பரிசோதனைத் தாள் வந்ததும் தலையை நிமிர்த்தினாள்.

"இவ்வளவு குறைஞ்ச ரத்தத்தை வச்சுக்கிட்டு எப்படிம்மா நடமாடுறீங்க?"

"நடமாடலையே டாக்டர். மிதந்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"மூலமாகவும் இருக்கலாம். வேறயாகவும் இருக்கலாம். பாக்காம ஒண்ணும் சொல்ல மாட்டேன். துஷான்பே போய்க் குழாய் விட்டுப் பாத்துடுங்க. தள்ளிப்போடாதீங்க."

துஷான்பேயில் அண்ணியும் நாத்தனாரும் நிகினாவின் வீட்டில் தங்கினார்கள். குடலைக் கழுவ ஜாடி ஜாடியாக உப்பு மருந்து குடிக்க வேண்டியிருந்தது. "கல்யாணத்துல பிலாவ் சாப்பிடறப்ப இந்த வேகம் இருந்துச்சா?" என்று சவ்சன் பக்கத்திலிருந்து ஊற்றி ஊற்றிக் கொடுத்தாள். மறுநாள் ஊசி போட்டதும் லால்பேகிம் பெரிய வெளிச்சமான மேகம் ஒன்றின்மேல் படுத்துக்கொண்டாள். மேகம் அசைந்து அசைந்து ஒரு கணவாயைத் தாண்டியது. கண் விழித்தபோது சவ்சனின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் முதல் தடவையாக வாய் இல்லை.

குடலில், இடது பக்கம், கீழே, கட்டி.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கோடை முழுக்கத் தன்னைத் தாலாட்டியது வெளிச்சமும் இல்லை, பாப்லர் பஞ்சும் இல்லை. உடம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிப்போன ரத்தம். அதைத்தான் சுகம் என்று எண்ணியிருந்தாள்.

அறுவை முடிந்தது. கெட்ட துண்டை வெட்டி, நல்லதை நல்லதோடு சேர்த்துத் தைத்தார்கள். பக்கத்து நிணநீர் முடிச்சு ஒன்றில் மட்டும் நோய் எட்டிப் பார்த்திருந்தது. அதற்காகக் குளிர்காலம் முழுக்க நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்து. அந்த மருந்தால், குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரலெல்லாம் ஊசி குத்தும். நிகினா கம்பளிக் கையுறை மாட்டிவிட்டாள். நஜ்ரிஷோ வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான். கட்டிலோரம் உட்கார்ந்து நெடுநேரம் அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"எங்கிட்டயா?"

"எங்கிட்டயே."

வசந்தத்தில் துஷான்பே டாக்டர், இனி ஊருக்குப் போகலாம் என்றார். அவ்வப்போது வந்து காட்ட வேண்டும். பலரை ஏற்றிப்போகும் வாடகை ஜீப்பில் அவளும் நஜ்ரிஷோவும் கிளம்பினார்கள். ஆப்கான் எல்லையாக ஓடும் பியாஞ் ஆற்றை ஒட்டிய பாதை. வெட்டி ஒட்டிய குடலுக்குப் பொறுமை கிடையாது. முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பாள். இப்போது குரல் கொடுத்தாள்.

"தம்பி, நிறுத்துப்பா. எனக்கு வெளிய போகணும்."

ஜீப் நின்றது. அவள் பாறைக்குப் பின்னால் போய் வந்தபோது வண்டியிலிருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். "யாராச்சும் கேப்பாங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்," என்று டிரைவர் இளித்தான்.

முன்சீட்டில் இருந்த பெரியவர் மட்டும் ஏறவில்லை. கோரோக்குக்கு முன்னாலேயே ருஷானில் இறங்க வேண்டியவர். ஆற்றைப் பார்த்தபடி, "உடம்புக்கு என்னம்மா உனக்கு?" என்றார்.

"குடல்ல கட்டி. வெட்டி எடுத்துட்டாங்க."

"வலிச்சுதா?"

"இல்லண்ணா. அதுதான் அதோட சூது. வலிக்கவே இல்ல. ரத்தம் போச்சு, அலுப்பா இருந்துச்சு, அவ்வளவுதான்."

எதிர்க்கரையில் ஆப்கான் பக்கத்து மண்பாதையில் ஒருவன் கழுதையோடு போய்க்கொண்டிருந்தான். ஆற்றின் இரைச்சலில் அவன் சத்தமில்லாமல் மிதப்பதுபோல் தெரிந்தான். அவன் வளைவில் மறையும்வரை பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, தட்டி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"கோரோக்குல முதல்ல எந்த டாக்டரைப் பாத்த?"

லால்பேகிம் பெயரைச் சொன்னாள். "ருஷான்ல இறங்காதீங்கண்ணா," என்றாள். "கோரோக்குக்கு எங்ககூடவே வந்துடுங்க."