குரலுக்கு மூன்று வார லீவு

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டியது கட்டியதுதான், விடவில்லை. மிளகுப் பால், உப்புத் தண்ணீர், அதிமதுரம் என்று ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, கடைசியில் மாட்டுங்காவில் ஒரு தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டுப் பார்த்தார். குரல் வரும் இடத்தில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். மூன்று வாரம் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, மீறினால் ஆபரேஷன்தான், அதற்குப் பிறகும் பழைய குரல் வருமென்று தன்னால் சொல்ல முடியாது என்றார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். டீச்சர் என்றதும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தாராவியில் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் என் பொறுப்பு. இரண்டுக்கும் ஒரே அறை. மூன்றாம் வகுப்புக்குக் கணக்கைக் கொடுத்துவிட்டு நான்காம் வகுப்புக்குப் பாடம் கத்த வேண்டும். ஜன்னலுக்குக் கீழே தையல் மிஷின்கள், தலைக்கு மேலே கடகடவென்று ஆடும் ஃபேன். இத்தனையையும் தாண்டிக் கேட்கிற மாதிரிப் பேசிப் பேசி வந்த காய்ப்பு இது. செம்பூரில் வீட்டுப் பக்கத்துக் காய்கறிக்காரரிடம் கொத்தமல்லி கேட்டால்கூட, என் சத்தத்தில் அவர் ஓரடி பின்னால் நகர்வார்.

லீவு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் தலைமையாசிரியை மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர், நல்ல மனுஷி. படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க லீவு போட்டேள்னா தமிழ் எடுக்க வேற ஆளே இல்லியே. பசங்களை ஹிந்தி மீடியம் கிளாஸ்லதான் உக்கார வைக்கணும். அங்க போயிட்டா திரும்பி வருமா, நீங்களே சொல்லுங்கோ."

வராது. எனக்கே தெரியும். ஒவ்வொரு ஜூனிலும் வீடு வீடாக ஏறி இறங்கி, இங்கிலீஷ் மீடியமா ஹிந்தி மீடியமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் அம்மாக்களிடம் கெஞ்சிக் கூட்டிவந்த பிள்ளைகள் இவர்கள். ஆள் குறைந்தால் வகுப்பையே மூடிவிடுவார்கள். மேஜையிலிருந்து லீவுக் கடிதத்தை நானே எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை பார்த்து, ஆசிரியர்கள் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்வது எப்படி என்று ஒரு பயிற்சி வைத்தார்கள். பள்ளி விட்ட பிறகு. வராதவர்களுக்கு மெமோ. பயிற்சி கொடுக்க வந்த பெண் கண்ணை மூடி மெதுவாக மூச்சு விடச் சொன்னாள். உங்கள் உடம்பு சொல்வதைக் கேளுங்கள் என்று இனிமையான ஹிந்தியில் சொன்னாள். உடம்பு சொன்னதை நான் கேட்டுவிட்டேன் அம்மா, நான் சொல்வதைத்தான் கேட்க ஆளில்லை என்று சொல்லத் துடித்தேன். வாய்தான் லீவில் இருந்ததே.

சரி, பேசாமலே பாடம் நடத்தினால் என்ன என்று தோன்றியது. எல்லாவற்றையும் போர்டில் எழுதிவிட்டால் தீர்ந்தது. என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே கொஞ்சம் பெருமை. திங்கட்கிழமை காலை, "டீச்சருக்குத் தொண்டை வலி. பேச முடியாது. புத்தகத்தை எடுத்து மழைப் பாடத்தைப் படியுங்கள்" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வகுப்பு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளைகூடப் புத்தகத்தை எடுக்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். டீச்சருக்குத் தொண்டை வலி, பேச முடியாது என்று ஓர் எழுத்துப் பிசகாமல், மார்ஜின் போட்டு, அழகாக நோட்டில் இறக்கி வைத்திருந்தார்கள்.

நான்காம் வகுப்பில் ஒரு பெண், அவள் அப்பா தோல் பை தைப்பவர், திருநெல்வேலிப் பக்கம். வகுப்பிலேயே சூட்டிகை அவள்தான். அவள் நோட்டில் அந்த வரியின் மேல் விரலை வைத்து, படி என்று சைகை காட்டினேன். விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், இது என்னன்னு நீங்க ஒரு தடவ சொல்லிருங்க. பொறவு நாங்க படிச்சிருவோம்."

வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைகள். தெருவில் இறங்கினால் ஹிந்தி. தமிழ் எழுத்து அவர்கள் கண்ணில் படுவது இந்த அறையில் மட்டும்தான். நான் ஒரு வரி சொல்வேன், அவர்கள் புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டே திருப்பிச் சொல்வார்கள். அதைப் படிப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தொண்டையைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தால் இந்த மூன்று வாரமும் இவர்கள் எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் படமாக வரைந்துகொண்டிருப்பார்கள்.

புத்தகத்தைப் பிரித்தேன். "கடல் நீர் வெயிலில் ஆவியாகி மேலே போகிறது" என்று முதல் வரியைச் சொன்னேன். பாதியில் குரல் கீச்சென்று ஏறி, அறுந்து, மிச்சம் வெறும் காற்றாக வந்தது.

பிள்ளைகள் வழக்கம்போல் விரலை வைத்துத் திருப்பிச் சொன்னார்கள். நான் கீச்சிட்ட இடத்தில் அவர்களும் கீச்சிட்டார்கள். எனக்கு அறுந்த இடத்தில் அறுத்து, மிச்சத்தைக் காற்றாக விட்டார்கள். ஒரு முகத்திலும் கேலி இல்லை. அந்த வரியை அப்படித்தான் சொல்ல வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு, அடுத்ததற்காக என் வாயைப் பார்த்தார்கள். நான் அடுத்த வரியைச் சொன்னேன்.